ரபேல் சம்மனசு கரையேறின கதை

கடலுக்குக் கரை மட்டும் போதுமென்றிருந்த காலம் போய், கரைக்கு ஒரு ரோடு வந்து, ரோட்டுக்கு ஒரு டோல்கேட்டும் வந்துவிட்ட காலத்திலே, தெற்கே குருசடித்துறை என்றொரு ஊர் இருந்தது. வடக்கேயிருந்து அந்த ஊரைப் பார்த்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறி வந்த கேரவன் ஒன்றும் இருந்தது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அலுப்பு இருந்தது.

பெண்சாதி பெயர் அமலோற்பவம். புருஷன் தொபியாஸ், கப்பலில் பண்டாரி. அதாவது சமையல்காரர். கப்பல் எந்தக் கடலில் போனாலும் அவர் அடுப்படியில்தான் போய்க்கொண்டிருந்தார். உலகத்தில் அவர் பார்த்ததெல்லாம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒரு வட்டச் சன்னல் வழியாகப் பார்த்தது. அவர் கப்பலில் இருந்த காலமெல்லாம் அமலோற்பவம் குருசடித்துறையில் கொழுந்தன் லியோன் வீட்டில் இருந்தாள். முதலில் அவளுக்கு நடு அறை கொடுத்தார்கள். கொழுந்தனுக்குக் கல்யாணமானதும் பின்னறைக்குப் போனாள். கொழுந்தன் பிள்ளைகள் பிறந்து வளர்ந்து படிக்க மேசை போட வேண்டுமென்று வந்ததும் மாடிப்படிக்குக் கீழே போனாள். கடைசியில், வீட்டுக்குப் பின்னால் சாய்த்து இறக்கின, வலையும் ஐஸ் பெட்டியும் கிடந்த சாய்ப்புக்குப் போனாள். யாரும் அவளைப் போ என்று ஒரு சொல் சொன்னதில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அவளுடைய டிரங்குப் பெட்டி இடம் மாறியிருக்கும், பெட்டி இருக்கிற இடத்தில் அவள் பாயை விரித்துக்கொள்வாள், அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லாதவள், எங்கே படுத்தால் என்ன என்று வீடும் நினைத்தது, ஊரும் நினைத்தது, ரொம்ப நாள் அவளும் நினைத்தாள்.

தொபியாஸ் கப்பலை விட்டு இறங்கியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று, படுக்கத் தனக்கென்று ஓர் இடம். குருசடித்துறையிலோ கிழக்கே கடல், மேற்கே கல்லறைத் தோட்டம், நடுவில் இருந்த மண்ணெல்லாம் எப்போதோ சுவராகிவிட்டிருந்தது. அதனால் தொபியாஸ் யோசித்து யோசித்து, சென்னையில் ஒரு ஷெட்டில், கட்டிலும் அடுப்பும் தண்ணித் தொட்டியும் வைத்துக் கட்டின கேரவன் ஒன்றை வாங்கினார். சினிமாக்காரர்கள் உட்கார்கிற மாதிரியான வண்டி. அவரை அழைத்துவர வந்து அமலோற்பவம் தங்கியிருந்த சித்தி மகள் வீட்டு வாசலில், காசிமேட்டில், அதைக் கொண்டுவந்து நிறுத்தின மத்தியானம் அவள் உள்ளே ஏறிக் கட்டிலில் சும்மா சாய்ந்துதான் பார்த்தாள். சாய்ந்தவள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். விளக்கு வைக்கிற நேரம் எழுப்பியபோது, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, அது தெரியவும் வேண்டாமென்று இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது, அதை அவள் கைதான் செய்தது. புதுப் படகைக் கடலில் இறக்கும்போது, படகுக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை ஒரு செம்பு கடல் தண்ணீர் மோந்து அணியத்தைக் கழுவ வேண்டும். அணியம் என்றால் படகின் முன்தலை. கழுவி, சிலுவை போட்டு, ஒரு பேர் சொல்லி, போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். அமலோற்பவத்தின் அம்மா செய்ததைப் பார்த்து அவள் செய்திருக்கிறாள், அவள் செய்ததைப் பார்த்து மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். புது வண்டியைப் பார்த்ததும் கை தானாகச் செம்பை எடுத்தது, கால் தானாக அலைக்குப் போனது. வண்டியின் முகத்தைக் கழுவினாள், சிலுவை போட்டாள், சம்மனசுகளில், அதாவது தேவதூதர்களில், வழித்துணைக்குப் போகிறவர் ரபேல்தானே என்று "ரபேல் சம்மனசு, போயிட்டு வா" என்றாள். சொன்ன பிறகு, தானும் அதில்தானே போகப்போகிறோம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

மரக்காணத்து உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. மெக்கானிக் ஒருவர் வந்து முன்மூடியைத் திறந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், படுத்துப் பார்த்தார், ஒரு பழுதும் இல்லையென்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ரோட்டோரம் நண்டு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்திதான், தராசுத் தட்டைக் கழுவியபடியே வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"கடல்ல தண்ணி வத்திக்கினு போவுதும்மா," என்றாள். "ஏறட்டும். போவும்."

அப்படியே நடந்தது. கடல் ஏறத் தொடங்கினதும் வண்டி ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு கிளம்பியது. தொபியாஸ் கியரைப் போட்டார், அமலோற்பவம் ஜெபமாலையை எடுத்தாள், நண்டுக்காரி அடுத்த ஆளுக்கு விலை சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் கடல் ஏறுகிறபோது போனார்கள், கடல் வற்றுகிறபோது நின்றார்கள். ரோட்டில் போகிற லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெட்ரோல் பங்க்கில் நேரம் ஆயிற்று. இவர்களுக்குக் கடலில் ஆயிற்று.

நின்ற இடங்களெல்லாம் மீனவர் குப்பங்களாக இருந்தன, அந்தக் குப்பங்களுக்கெல்லாம் இதை என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்திருந்தது. வெளியூர்ப் படகு கரையொதுங்கினால் ஊரே கூடி மணலில் இழுத்து ஏற்றும், இறங்குகிறபோது ஊரே கூடித் தள்ளிவிடும், அதற்குக் கூலி கேட்பதில்லை, கறி மீன் மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அப்படியே கேரவனை ரோட்டிலிருந்து இறக்கி, உருளைக்கட்டை வைத்துத் தள்ளி, படகு வரிசையில் கிழக்கே முகம் பார்த்து நிறுத்தினார்கள். தொபியாஸிடம் மீன் இல்லை. அவர் கப்பலில் செய்கிற மாதிரி பெரிய அண்டாவில் பருப்பும் சோறும் பொங்கிப் போட்டார். மீனுக்குப் பதில் அது சரிதான் என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அணியத்தில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மல்லிப்பட்டினத்தில் ஒரு மரைக்காயர் வந்து, தொழுகைக்குப் போகிற அவசரத்திலும், நங்கூரக் கயிற்றை இப்படியா கட்டுவது என்று கடிந்துகொண்டு அவிழ்த்துத் திருப்பிக் கட்டிவிட்டுப் போனார். ஓர் ஊரில் வெள்ளிக்கிழமை படகு இறக்கக்கூடாதென்று நிறுத்தி வைத்தார்கள், அடுத்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கூடாதென்று நிறுத்தி வைத்தார்கள், இன்னோர் ஊரில், மீன்பிடித் தடைக்காலம் வருவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள், அப்புறம் அதிகாரிகள் விடமாட்டார்கள் என்று கவலைப்பட்டார்கள். டோல்கேட்டில் மட்டும்தான் அதை வண்டி என்றார்கள்.

தொபியாஸ் இந்த வழியில் மெல்ல மெல்ல வளர்ந்தார். படகுக்காரர்களின் ஊரில் பிறந்து, அண்ணன் தம்பிகளெல்லாம் படகு வைத்திருக்க, கரண்டி பிடித்தே நரைத்தவர் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக முன்பின் தெரியாத ஆண்கள் வந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, யார் படகு என்று கேட்டார்கள். முதல் ஊரில், வண்டிங்க இது, என்று சொல்லிப் பார்த்தார். இரண்டாவது ஊரில் சிரித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அதற்கடுத்த ஊரில், நம்மதுதான் என்றார். வேதாரண்யம் தாண்டும்போது அவர் நடை மாறியிருந்தது. காலை அகட்டி வைத்து, வானத்தைப் பார்த்து, காற்று வடக்கேயிருந்து வாடையா மேற்கேயிருந்து கச்சானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆனால் படகில் பெண் கால் வைக்கக்கூடாது. அணியத்தைக் கழுவுவதோடு அவள் பங்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏறினால் மீன் படாது என்பது அந்தக் கரைகளின் கட்டு. வடக்கே ஊர்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அமலோற்பவம் ஏறி இறங்கும்போது அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நாகப்பட்டினத்துக்கு அந்தப் பக்கம், யக்கா, இந்த நிழல்ல வந்து குந்துங்களேன் என்று தன்மையாகச் சொன்னார்கள். தொண்டிக்கு வந்தபோது, படுக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று பெண்களே வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். நல்ல பெண்கள். பாய் கொடுத்தார்கள், தலையணை கொடுத்தார்கள், தங்கள் பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கச் சொல்லி இடம் பண்ணிக் கொடுத்தார்கள். அமலோற்பவம் யார் யார் வீட்டு விட்டத்தையோ பார்த்துக்கொண்டு, யார் யார் பிள்ளைகளின் காலோ மேலே விழ, தூங்காமல் கிடந்தாள். காலையில் கண்ணெரிச்சலோடு வந்து பார்த்தால், தொபியாஸ் கட்டிலில் தூங்கி எழுந்து, தலை சீவி, மேல்சட்டை இல்லாமல் பல் விளக்கிக்கொண்டிருப்பார்.

பகலில் முன்சீட்டில் உட்கார்ந்து, வலது பக்கம் உப்பளமும் இடது பக்கம் பனையும், வலது பக்கம் பனையும் இடது பக்கம் கடலுமாக அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்துப் பார்த்துப் பனை எது, உப்பு எது, தூக்கம் எது என்று பிரியாமல் போயிற்று. சாயல்குடிக்குப் பக்கத்தில், இறங்கித் தண்ணீர் வாங்கிக்கொண்டு வா என்று அவர் சொன்னபோது, இறங்குகிற அந்த ஒரு படி அவளுக்குக் கோபுரத்திலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

தூத்துக்குடியில் வண்டி வற்றத்துக்கு நின்றது. தொபியாஸ் ஸ்டியரிங்கைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"ஏளா, இங்கேருந்து பஸ்ஸு இருக்கு," என்றார். "நீ முன்னால போயிட்டா நல்லாருக்கும். நம்ம ஊருக்காரங்களப் பத்தி உனக்குத் தெரியாததா."

"போயி?"

"லியோன் வீட்டுல இரி. நான் ஏத்தத்துல வந்துருதேன்."

அமலோற்பவம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். சாய்ப்பில் இப்போது ஐஸ் பெட்டிகள் எங்கே அடுக்கியிருக்கும், டிரங்குப் பெட்டி எதன் மேல் ஏறியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

"நீங்க எனக்கு வீடு வாங்குனியளா, உங்களுக்குப் படகு வாங்குனியளா?"

தொபியாஸ் துண்டை மடித்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அவள் எழுந்து பின்னால் போய், திரையை இழுத்துவிட்டு, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கடல் ஏறினபோது வண்டி கிளம்பியது. அவள் இறங்கவில்லை.

குருசடித்துறைக்குச் செய்தி முன்னமே வந்திருந்தது. ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் அடுத்த குப்பத்துக்குப் போன் போட்டுச் சொல்லிச் சொல்லி, பண்டாரி தொபியாஸ் வடக்கேயிருந்து ஒரு படகு கொண்டு வாறான், ரோட்டு வழியா வாறான் என்று ஊருக்குள் தெரிந்துபோயிருந்தது. படகு எந்த வழியாக வந்தால் என்ன, வந்தால் வரிசையில் இடம் விட வேண்டுமல்லவா. லியோனுடைய படகுக்கும் ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பாருடைய படகுக்கும் நடுவில் மணலை நிரவி இடம் விட்டிருந்தார்கள். மாலை வாங்கியிருந்தார்கள். வெடி வாங்கியிருந்தார்கள். வெயில் சாய்ந்து, கடல் ஏறத் தொடங்கியிருந்த நேரத்தில் ரபேல் சம்மனசு மேட்டில் தலையைக் காட்டியது. ஊரே கயிறு போட்டு இழுத்தது. பண்டாரி என்று மட்டும் கூப்பிட்டு வளர்ந்த ஊர், வாரும் தொபியாஸ், பிடியும் தொபியாஸ் என்றது. அவர் மாலையோடு முன்னால் நடந்தார்.

வரிசைக்குள் பாதி நுழைந்துகொண்டிருக்கும்போது லியோன் பெண்சாதி மெற்றில்டா சன்னலைப் பார்த்தாள். திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன, குதிகால் வெடித்த இரண்டு பாதங்கள். அவள் பார்த்ததைப் பக்கத்தில் நின்றவள் பார்த்தாள், அதை அடுத்தவள் பார்த்தாள், கயிற்றிலிருந்து கைகள் ஒவ்வொன்றாக எடுபட்டன.

அமலோற்பவம் உள்ளே விழித்துத்தான் இருந்தாள். வண்டி நின்றதும், வெடிச் சத்தம் ஓய்ந்ததும், மணலில் இத்தனை பேர் இருந்தும் அலை மட்டும் கேட்பதும் அவளுக்குத் தெரிந்தது. கஸ்பாரின் கம்புச் சத்தம் சன்னலுக்குக் கீழே வந்து நின்றது.

"ஏளா அமலோற்பவம். இறங்கி வா."

"எங்க மாமா இறங்க?"

"இதென்ன கேள்வி. வீட்டுக்குப் போ."

"எந்த வீடுன்னு சொல்லுங்க மாமா. இறங்குதேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கஸ்பார் ஏதாவது சொல்லியிருப்பார். அவள் கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்கிற மாதிரி கேட்டாள். கஸ்பார் லியோனைப் பார்த்தார். லியோன் மெற்றில்டாவைப் பார்த்தான். மெற்றில்டா தன் வளையல்களைப் பார்த்தாள். ஒரு கரை முழுக்க ஆட்கள் நிற்க, இந்தா இந்த வீடு என்று கையை நீட்ட ஒரு ஆள் இல்லை.

பிறகு ஊர் பேசத் தொடங்கியது. சக்கரம் இருப்பதால் வண்டி என்றான் ஒருவன். சக்கரம் வைத்துப் படகைத் தள்ளுவதில்லையா என்றான் இன்னொருவன். இவள் ஏறினதால் இனி நம் வலையிலும் மீன் படாது என்று ஒருத்தி சொல்ல, நேற்றும் அதற்கு முன்னாலும் இவள் ஏறாமலேயே படவில்லையே என்று வேறொருத்தி முணுமுணுத்தாள். பங்குச் சாமியாரைக் கூட்டி வந்தார்கள். படகை மந்திரிக்க ஒரு ஜெபம் இருக்கிறது, வீட்டை மந்திரிக்க ஒரு ஜெபம் இருக்கிறது, இதற்கு எதைச் சொல்ல என்று அவர் கொஞ்சநேரம் நின்று, இரண்டிலும் பாதி பாதி சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டு, மாலைப் பூசைக்கு நேரமாகிறதென்று போய்விட்டார். கடைசியில் கஸ்பார் கம்பை மணலில் ஊன்றினார்.

"தொபியாஸ், நீரு சொல்லும்வே. படகுன்னா அவ இறங்கணும், வெள்ளன எங்ககூட நீரு கடலுக்கு வரணும். வீடுன்னா இந்த வரிசையில அதுக்கு இடமில்ல. ஒண்ணு சொல்லும்."

உள்ளே அமலோற்பவம் காத்திருந்தாள். அவர் பேசாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம். எந்தெந்தத் துறைமுகத்திலிருந்தோ போன் போட்டு, நல்லாருக்கியா என்று கேட்டுவிட்டு அவர் சும்மா இருக்கிற அந்தச் சும்மாவைப் பாதி ஆயுசு கேட்டிருக்கிறாள். ஆனால் இது அதைவிட நீளமாக இருந்தது. அவர் படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். இந்த ஒரு சாயங்காலம் ஊர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நினைத்துக்கொண்டிருப்பார். அவரும் பாவம்தான் என்று இருந்தது. படகு என்று அவர் சொன்னால் இறங்கிவிட வேண்டியதுதான், டிரங்குப் பெட்டியைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான், எழுந்து சேலையைச் சரிசெய்துகொள்ளலாமா என்றுகூட நினைத்தாள்.

மணலில் காலடி கேட்டது. முன்பக்கமிருந்து சுற்றிக்கொண்டு, மெதுவாக, பின்பக்கம் வந்தது. கதவில் யாரோ தட்டினார்கள்.

அமலோற்பவம் படுத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். கொழுந்தன் வீட்டில் அவள் இருந்த எந்த இடத்துக்கும் யாரும் தட்டிவிட்டு வந்ததில்லை. நடு அறைக்குச் சீப்பு எடுக்க வருவார்கள், படிக்குக் கீழே விளக்குமாறு எடுக்க வருவார்கள், சாய்ப்புக்கு ஐஸ் எடுக்க வருவார்கள், அவள் படுத்திருந்தால் தாண்டிப் போவார்கள். யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்தும் அவள் கேட்டாள்.

"யாரு?"

"நான்தான்," என்றார். "தொபியாஸ். உள்ள வரலாமா?"

கரை முழுக்கக் கேட்டது. படகில் ஏற யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்பது கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அமலோற்பவத்துக்கு அவசரமில்லை. கேட்டவர் வெளியே நின்றார், ஊரும் அவரோடு நின்றது.

"கால்ல மண்ணு இருக்கா?"

"இருக்கு."

"கழுவிட்டு வாங்க."

அவர் அலைக்குப் போய்க் காலைக் கழுவினார், மணலில் நடந்து திரும்பி வந்தார், கதவைத் தட்டினார், கால் முழுக்க மண். அவள் சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். கழுத்தில் மாலையோடு அவர் இரண்டாவது தடவை அலைக்குப் போனபோது யாரோ ஒருத்தி சிரித்தாள். மூன்றாவது தடவை அவர் குதிகாலை ஊன்றாமல் நடந்து வந்ததைப் பார்த்து லியோனே சிரித்துவிட்டான். கஸ்பாருக்குக் காலும் வலித்தது, கம்பைப் பிடித்த கையும் வலித்தது.

"ஒரு வாளி தண்ணி எடுத்துக் குடுங்கலே அவனுக்கு, கதவுகிட்ட வச்சு," என்றார். "நிக்க முடியல."

வாளி வந்தது. தொபியாஸ் ஒவ்வொரு காலாகக் கழுவி, கீழே ஊன்றாமல் படியில் வைத்து ஏறினார். கதவு சாத்திக்கொண்டது. கஸ்பார் அந்தக் கதவைக் கொஞ்சநேரம் பார்த்தார். அதை வரிசையிலிருந்து வெளியே இழுக்க வேண்டுமா, வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம், அவர்கள் தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். அவர் போனதும் ஆண்கள் வலை காயப்போட்டது ஞாபகம் வந்து போனார்கள், பெண்கள் உலை வைத்தது ஞாபகம் வந்து போனார்கள், லியோன் தன் படகின் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

கடல் முழுக்க ஏறியது. வரிசையில் நின்ற படகுகள் மூக்கைத் தூக்கித் தூக்கி வைத்தன. நடுவில் கேரவனும் ஒரு விரற்கடை எழும்பி, உள்ளே பாத்திரங்கள் லேசாகக் கிலுங்க, திரும்ப மணலில் உட்கார்ந்தது.

மெற்றில்டா மட்டும் போகாமல் நின்றாள். சன்னலுக்குக் கீழே வந்து நின்று, கூப்பிடலாமா வேண்டாமா என்று இருந்துவிட்டு, மெதுவாகக் கூப்பிட்டாள்.

"யக்கா. உள்ள கட்டில் இருக்காமே?"

"இருக்கு," என்றது அமலோற்பவத்தின் குரல், பாதித் தூக்கத்தில்.

"காத்து வருதா?"

"வருது."

மெற்றில்டா அதை யோசித்தாள். அவள் வீட்டில் நாலு பிள்ளைகளும் புருஷனும் மாமியார் வழி ஆட்களுமாக, அவள் கடைசியாக எப்போது தனியாகக் காற்று வாங்கினாள் என்று அவளுக்கே நினைவில்லை. இன்னொன்று கேட்க வாயெடுத்தாள். உள்ளேயிருந்து குறட்டை கேட்டது. தொபியாஸுடையது இல்லை, அது அவளுக்குத் தெரியும், அவள் வீட்டுச் சாய்ப்பில் இத்தனை வருஷம் ஒரு நாளும் கேட்காத குறட்டை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் மணல்மேட்டைப் பார்த்து நடந்து போனாள்.